பாஸ்வேர்டைச் சொல்ல மாட்டேன்

பாஸ்வேர்டா? சொல்ல மாட்டேன்.

தெரியாமல் இல்லை. தெரியும். சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, ஜோஸ்பின். உங்கள் கம்பெனிக்காரர்கள் 'ஞாபகம் உள்ளது', 'ஞாபகம் இல்லை' என்று இரண்டே கட்டம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். நான் இரண்டிலும் வர மாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்ல பெண்ணாக இருக்கிறீர்கள். என் ஞாபகத்தைச் சோதிக்க இந்த வெயிலில் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். கிழமை கேட்டீர்கள், சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னீர்கள், நீங்கள் போதும் என்கிற வரைக்கும் கழித்தேன். கடிகாரம் வரையச் சொன்னீர்கள், முள்ளோடு வரைந்தேன். இப்போது அதையெல்லாம் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும், வீட்டுக்குள் உங்கள் போனில் சிக்னல் இல்லை, அதனால் வைஃபை வேண்டும். நியாயம்தான். இந்தச் சுவர்களை என் மாமனார் கோட்டை மாதிரி எழுப்பிவிட்டார். வாசலில் மின்கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால் சிக்னல் வரும். அங்கே நின்று அனுப்புங்கள். இப்போதே வேண்டாம். காபி குடித்துவிட்டுப் போகலாம். இருங்கள், பாலை அடுப்பில் வைத்துவிட்டு வருகிறேன்.

ம். வைத்துவிட்டேன்.

என் மகள் மதுமதி உங்களிடம் என்ன கேட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அம்மாவை இனி அந்த வீட்டில் விட்டு வைக்கலாமா, கூடாதா? அதுதானே? கூடாது என்று நீங்கள் எழுதினால் அடுத்த மாதமே வந்து வீட்டைப் பூட்டிவிட்டு, என்னைப் பெங்களூரில் ஒரு விடுதியில் கொண்டுபோய் வைப்பாள். விடுதி என்று சொல்ல மாட்டாள். 'சீனியர் லிவிங்' என்பாள். படம் அனுப்பியிருந்தாள். நீச்சல் குளம் இருக்கிறது. இந்த வயதில் நான் நீந்தவில்லையே என்று யார் அழுதார்கள்?

இதெல்லாம் மாடியில் இருக்கிறவளால் வந்தது. கமலவேணி. என் ஓரகத்தி. என் கணவர் தாயுமானவன் மூத்தவர், அவள் கணவர் மாத்ருபூதம் இளையவர். மலைக்கோட்டைச் சாமியின் பெயரையே தமிழில் ஒன்றும் வடமொழியில் ஒன்றுமாக வைத்து வளர்த்தார் மாமனார். இப்போது இரண்டு பேருமே இல்லை. பாகம் பிரித்தபோது கீழ்வீடு எங்களுக்கு, மாடி அவர்களுக்கு. பின்பக்க மாடிப்படி மட்டும் பொது. இன்டர்நெட்டைப் பற்றிப் பத்திரத்தில் ஒன்றும் இல்லை. அப்போது அது திருச்சிக்கு வரவில்லை.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. கேஸ் வந்துகொண்டே இருந்திருக்கிறது. எந்த வீட்டில் நடக்காதது? நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து இவள் விழுந்தடித்து ஓடி வந்தாள். அடுப்பை மூடினாள், ஜன்னலையெல்லாம் திறந்தாள், என்னைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

"என்னக்கா இது? ஒரு வாசனைகூடவா தெரியல?"

"மூக்கடைப்பு."

"ரெண்டாவது தடவை, அக்கா."

"மூக்கடைப்பு ரெண்டு தடவை வராதா?"

அன்று சாயங்காலம் மதுமதி போன் செய்து அழுகிறாள். யார் சொன்னது? இவள்தான். வீடியோ காலில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். எதில் கூப்பிட்டாள்? என் இன்டர்நெட்டில். என் லைனிலேயே ஏறி, என் மகளிடமே என்னைப் பற்றிப் பிராது. நான் மாடிப்படிக்குக் கீழே போய் நின்றேன்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"எதுக்குச் சொன்ன?"

"நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா மதுவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நான் செத்தா நீ ஏன்டி பதில் சொல்லணும்?"

"பின்ன யாரு சொல்லுவா? நான்தானே இங்க இருக்கேன்?"

"இனிமே கீழ வராத. இந்தப் படியில காலை வைக்காத."

"படி பொது, அக்கா. பத்திரத்துல இருக்கு."

எப்படி வருகிறது பாருங்கள் வாய். பத்திரத்தைக் காட்டுகிறாள். சரி, படி பொது. இன்டர்நெட் பொது இல்லையே. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், வைஃபைக்குப் பூட்டுப் போடுவது என்று.

அது வரைக்கும் பூட்டே இல்லை. மின்னலில் பழைய மோடம் போய், மதுமதி சொல்லிப் புதிய ரவுட்டர் வந்தது. மாட்ட வந்தவருக்கு ஏகப்பட்ட அவசரம். பாஸ்வேர்டு போடட்டுமா என்றார். வேண்டாம், மாடியிலும் வேண்டுமே என்றேன். அப்படியெல்லாம் நினைத்தவள் நான். அதற்குத்தான் இந்தக் கைம்மாறு.

யாரையும் கூப்பிடவில்லை. நானே போட்டேன். இதை உங்கள் டேப்லெட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள், ஜோஸ்பின். ட்ரங்க் போர்டு. இந்த ஊரிலிருந்து யார் மெட்ராசுக்கும் பம்பாய்க்கும் பேசுவதானாலும் எங்கள் கை வழியாகத்தான் போக வேண்டும். லைன் கொடுப்பதும் இந்தக் கை, பிடுங்குவதும் இந்தக் கை. கலெக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்தது என்று பிடுங்கியிருக்கிறேன். எனக்கு ஒரு சின்னப் பெட்டிக்குப் பூட்டுப் போடத் தெரியாதா?

அதோ அவருடைய கம்ப்யூட்டர். அதிலிருந்து ரவுட்டருக்கு வயர் போகிறது. வயர் வழியாக வருகிறவளை ரவுட்டர் எப்போதும் உள்ளே விடும். பெட்டிக்கு அடியில் ஒட்டியிருந்த எண்ணை லென்ஸ் வைத்துப் படித்து அடித்தேன். ஒரு பக்கம் திறந்தது. வயர்லெஸ், அதற்குள் செக்யூரிட்டி. அதில் 'ஓப்பன்' என்று இருந்தது. அதைத் தொட்டால் ஒரு வரிசை. டபிள்யூ.இ.பி. என்று ஒன்று, டபிள்யூ.பி.ஏ. என்று ஒன்று, அதிலேயே இரண்டு, மூன்று. உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். எல்லாம் பூட்டின் தலைமுறைகள். முதலாவது துருப்பிடித்த பூட்டு, ஹேர்பின்னால் திறந்துவிடலாம். மூன்றாவது புத்தம் புதியது. செய்வதை முழுசாகச் செய்யலாம் என்று மூன்றையே போட்டேன்.

என்ன ஆயிற்று? என் டேப்லெட் வெளியே நின்றுவிட்டது. பாஸ்வேர்டு தப்பு என்றுகூடச் சொல்லவில்லை. 'இணைக்க முடியவில்லை' என்று ஒரே பல்லவி. யார் யார் லைனில் இருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரில் ஒரு லிஸ்ட் வரும். அதைத் திறந்தால் 'கமலவேணி' என்று அவள் போன் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. அவள் மகன் வாங்கிக் கொடுத்த புதுப் போன், பெயரையும் அவனே போட்டுக் கொடுத்திருந்தான். வீட்டுக்காரி தெருவில், விருந்தாளி உள்ளே.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன்.

"மேடம், ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"பண்ணிட்டேன்."

"இன்னொரு தடவை பண்ணுங்க மேடம்."

"என்னப்பா, நவகிரகம் சுத்தச் சொல்ற மாதிரி சொல்ற?"

"மேடம், வீட்டுல சின்னவங்க யாராச்சும் இருந்தா போனைக் குடுங்க."

"என்னைவிடச் சின்னவ மாடியில ஒருத்தி இருக்கா. அவளை வெளியேத்தத்தான் கேக்கறேன்."

வைத்துவிட்டான். அப்புறம் நானேதான் கண்டுபிடித்தேன். என் டேப்லெட் பழசு, மூன்றாம் பூட்டு வருவதற்கு முன்னால் பிறந்தது. அதற்கு இரண்டு மட்டும்தான் தெரியும். வரிசையில் கடைசியாக இரண்டும் மூன்றும் கலந்தது என்று ஒன்று இருந்தது. அதைப் போட்டேன், பாஸ்வேர்டு கேட்டது, அடித்தேன், உள்ளே வந்துவிட்டது. சின்னவங்க யாராச்சும் இருக்காங்களாம்.

ஆனால் கமலவேணி போகவில்லை.

முதலில் நான் போட்டது அவருடைய பழைய ஸ்கூட்டரின் எண். சாயங்காலம் லிஸ்டைப் பார்த்தால் அவள் இருக்கிறாள். யோசித்தேன். சரிதான், அந்த ஸ்கூட்டரை அவளுக்குத் தெரியாதா? அவளுக்கு வலி எடுத்தபோது மாத்ருபூதம் வெளியூரில் இருந்தார். அந்த ஸ்கூட்டரில்தான் இவர் முன்னால், அவள் நடுவில், விழாமல் பிடித்துக்கொண்டு நான் பின்னால். நம்பர் பிளேட் மனதில் நின்றிருக்கும். என் தப்பு, சுலபமானதைப் போட்டது.

மாற்றினேன். என் முழுப் பெயர் மட்டுவார்குழலி, தெரியுமல்லவா? என் அம்மா என்னை வீட்டில் வேறொரு பெயரில் கூப்பிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கமலவேணியிடம் மட்டும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், பூண்டு உரித்துக்கொண்டே. அதைப் போட்டேன். மறுநாள் பார்த்தால் இருக்கிறாள்! பூண்டு உரித்தபோது சொன்னதை இத்தனை வருஷம் வைத்திருக்கிறாள் பாருங்கள். என்ன ஞாபகம் அவளுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொன்று போட்டேன். அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த இடம், மாமியாருக்குத் தெரியாமல் நாங்கள் மேட்னி ஷோ பார்க்கப் போன தியேட்டர். அதற்கும் வந்துவிட்டாள்.

அப்புறம் அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. காலையில் குளித்து முடித்ததும், இன்றைக்கு எதைப் போடலாம் என்று யோசிப்பேன். எதைப் போட்டால் இவளுக்குத் தெரியாது? எதைத்தான் இவளிடம் நான் சொல்லாமல் இருந்தேன்? அதை யோசிப்பதிலேயே பொழுது போய்விடும். மத்தியானம் அவள் மாடிப்படியின் மேல் படியில் வந்து உட்காருவாள், போனைக் கையில் வைத்துக்கொண்டு. இங்கிருந்து பார்த்தால் பாதம் மட்டும் தெரியும். அங்கே சிக்னல் நன்றாக வரும். அதற்காகத்தான் உட்காருகிறாள். நான் சாப்பிட்டுவிட்டுக் கண் அயருகிற வரைக்கும் இருப்பாள்.

இல்லை, பேசுவதில்லை. தை மாதத்திலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பூட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன், பேச்சு என்ன வேண்டியிருக்கிறது?

என்ன? வாசனையா? எனக்கு ஒன்றும்… ஐயோ, பால். நீங்கள் இருங்கள், நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

பார்த்தீர்களா? அடுப்பு அணைந்திருக்கிறது. அணைந்தது இல்லை, அணைத்திருக்கிறது. பிடியைத் திருப்பி மூடி, பாத்திரத்தை இறக்கி வைத்து, மேலே தட்டு போட்டிருக்கிறது. லேசாக அடி பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். நான்தான் நடுவில் எழுந்து வந்து செய்திருக்கிறேன். நீங்கள் என்னோடுதான் உட்கார்ந்திருந்தீர்கள், நான் எழுந்திருக்கவே இல்லை என்கிறீர்களா? பேச்சு சுவாரசியத்தில் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். பின்கதவா? காற்றுக்குத் திறந்திருக்கும். மாடிப்படியில் செருப்புச் சத்தமா? எனக்குக் கேட்கவில்லையே. பழைய வீடு, மரம் மட்டை எல்லாம் சத்தம் போடும். காபியைக் குடியுங்கள். சர்க்கரை போதுமா?

எங்கே விட்டேன்? எதைச் சொன்னாலும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று சொன்னேன். சரி, கடைசியாக ஒன்று பார்க்கலாம் என்று அந்தப் பெயரைப் போட்டேன்.

மதுமதிக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் குழந்தை. மதுவுக்கே சரியாகத் தெரியாது. புரட்டாசியில் பிறந்தது, நல்ல மழை. சில நாள்தான் இருந்தது. இந்த வீட்டில் பதினாறாம் நாள் தொட்டிலில் போட்டுத்தான் பெயர் வைப்பார்கள். அது வரைக்கும் பாப்பா என்றுதான் சொல்ல வேண்டும், பெயர் சொல்லக் கூடாது. பதினாறு வரவில்லை. அதனால் பெயரில்லாமல் போன குழந்தை என்று எல்லாரும் சொன்னார்கள். பெயர் வைக்கவில்லை, அது வரைக்கும் நல்லது, சீக்கிரம் மறந்துவிடலாம் என்றுகூட என் மாமியார் சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

நான் வைத்திருந்தேன். அவருக்குச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. கமலவேணி அப்போது கல்யாணமாகி வந்த புதிது. ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தாள். கையைத் தொங்கப் போட்டால் அவள் தலை தட்டுப்படும். மழைச் சத்தத்தில் அவளிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். அவள் திருப்பிச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஒரு நாளும் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது என்று ரவுட்டர் சொல்லும். குறையவில்லை. போட்டேன்.

மறுநாள் லிஸ்டில் கமலவேணி இருக்கிறாள்.

எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும், சொல்லுங்கள். அந்தப் பெயரை விரலால் அடித்து, அதைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்று மத்தியானம் சமைக்கவும் இல்லை. மறந்துபோய் அல்ல. தோன்றவில்லை.

அப்படியே அந்த லிஸ்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. என் டேப்லெட்டுக்குப் பக்கத்தில் 2.4 என்று இருக்கிறது. அவள் போனுக்குப் பக்கத்தில் 5 என்று இருக்கிறது. இது என்னடா என்று செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்து, இது வரை நான் போகாத கீழ்க்கோடி வரைக்கும் போனேன். அங்கே இன்னொரு பெயர். இன்னொரு கட்டம். அதில் 'ஓப்பன்'.

அந்தப் பெட்டி ஒன்றாகத் தெரிகிறதே தவிர இரண்டு, ஜோஸ்பின். அதிலிருந்து இரண்டு அலை வருகிறது, 2.4 ஒன்று, 5 ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி வாசல். நான் மாதக்கணக்கில் முன்வாசலுக்குப் பூட்டு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறேன், பக்கவாட்டில் ஒரு வாசல் ஆரம்பத்திலிருந்தே விரியத் திறந்து கிடக்கிறது. என் டேப்லெட்டின் கண்ணுக்கு அந்த வாசல் தெரியாது, பழசு. அதனால் எனக்கும் தெரியவில்லை. இது மறதி இல்லை. இதை மறதி என்று எழுதினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

அவள் ஒரு பாஸ்வேர்டும் அடிக்கவில்லை. அவளிடம் யாரும் கேட்கவே இல்லை. ஸ்கூட்டரும் இல்லை, பூண்டும் இல்லை, மேட்னி ஷோவும் இல்லை. எல்லாவற்றையும் நானே போட்டு, நானே திறந்து, நானே… இருக்கட்டும்.

கோபம் வந்தது. வராதா? அவள் என்னைப் பார்த்து, மறக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்கிறாள். எல்லாவற்றையும் வைத்திருப்பது நான். அவளுக்குத்தான் ஒன்றுமே ஞாபகம் இல்லையோ, என்னவோ. அது தெரிந்ததும் எனக்கு அழுகை வந்தது என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறேன், டாக்டர் சீட்டு இருக்கிறது.

அன்றைக்கே அந்த இரண்டாவது வாசலையும் பூட்டினேன். அதே பாஸ்வேர்டு. வேறொன்று யோசிக்கச் சோம்பல். அதற்கு ஒரு பெயரும் வைக்க வேண்டியிருந்தது, வைஃபை தேடினால் போனில் வருமே, அந்தப் பெயர். 'புரட்டாசி' என்று வைத்தேன். ஏதோ ஒன்று வைக்க வேண்டுமல்லவா? அந்த நேரம் அதுதான் வாயில் வந்தது. தெருவில் எல்லார் போனிலும் புரட்டாசி புரட்டாசி என்று வந்திருக்கும். எதிர்வீட்டுக்காரர், பெருமாள் பக்தியா மேடம் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அவள் போன் லிஸ்டிலிருந்து போயிற்று. சுத்தமாகப் போயிற்று. அன்றைக்கு இல்லை. மறுநாளும் இல்லை. மேல் படியில் பாதம் இல்லை. பூட்டு சரியாக வேலை செய்கிறதா என்று நான் அடிக்கடி போய்ப் பார்ப்பேன். பார்க்க வேண்டாமா? புதுப் பூட்டு. காலையில் பார்ப்பேன், சாப்பிடும் முன்னால் பார்ப்பேன், சாப்பிட்டுவிட்டும் பார்ப்பேன். இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று தெரிந்தது. ஜெயித்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், மழையெல்லாம் ஒன்றும் இல்லை, கத்திரி வெயில், கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

கமலவேணி.

பக்கத்தில் பச்சைப் புள்ளி. பக்கத்தில் 5. நான் உடனே செக்யூரிட்டி பக்கத்தைப் போய்ப் பார்த்தேன், மறுபடியும் எங்கேயாவது திறந்து வைத்துவிட்டேனா என்று. இல்லை. இரண்டும் பூட்டியிருக்கிறது. மூன்றாவது வாசல் கிடையாது. நிச்சயமாகக் கிடையாது, எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தேன். அந்தப் பெயரை அடித்தால் ஒழிய உள்ளே வர முடியாது.

தற்செயலாக யாரும் அதை அடிக்க முடியாது, ஜோஸ்பின்.

அன்று சாயங்காலம் இரண்டு தம்ளர் காபி கலந்துவிட்டேன். பழக்கதோஷம். இரண்டையும் நானே குடித்தேன். பேசவில்லை. பேச என்ன இருக்கிறது?

இப்போது புரிகிறதா? அதனால்தான் சொல்ல மாட்டேன். 'நீங்களே என் போனில் அடித்துக் கொடுங்கள்' என்கிறீர்களா? அடித்தால் உங்கள் போனுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து கம்பெனிக்குப் போகும், எங்கெங்கோ போகும். அந்தப் பெயர் இது வரை என் வாயிலிருந்து ஒரே ஒரு காதுக்குத்தான் போயிருக்கிறது. மாற்றிவிட்டு வேறு ஏதாவது போட்டுக் கொடுக்கலாமே என்று கேட்கிறீர்கள். மாற்றலாம். நிமிஷ வேலை. மாட்டேன். 'பாஸ்வேர்டு கேட்டேன், சொல்லத் தெரியவில்லை' என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நீச்சல் குளத்தின் கரையில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

பக்கத்தில் இருக்கிறவர்களையும் விசாரிக்க வேண்டும் என்று சொன்னீர்களே. போங்கள், மாடிக்குப் போய் அவளைக் கேளுங்கள். தை மாதக் கதையை வரி விடாமல் சொல்வாள். பாஸ்வேர்டையும் அவளிடமே கேளுங்கள். கேட்டுத்தான் பாருங்களேன், சொல்கிறாளா என்று. படியில் பார்த்துப் போங்கள், மூன்றாவது படி ஆடும்.

வந்துவிட்டீர்களா? உட்காருங்கள். மூச்சு வாங்குகிறது உங்களுக்கு. என்ன சொன்னாள்?

கேஸ் விஷயம் சொல்லியிருப்பாளே. சொல்லவில்லையா? நீங்களாகக் கேட்டீர்களா? என்ன? அவள் வைத்த பாலா? தை மாதம் பொங்கி வழிந்தது அவள் வைத்த பால் என்றா சொன்னாள்? என் அடுப்பில் அவள் எதற்குப் பால் வைக்கிறாள்? இன்றைக்கு வைத்ததும் அவளேவா? நீங்கள் பார்க்கத்தானே நான் எழுந்துபோய் வைத்தேன்! பொய் சொல்கிறாள். பச்சைப் பொய். அதை எழுதாதீர்கள், ஜோஸ்பின். அது நான் வைத்த பால். இரண்டு தடவையும் நான் வைத்த பால்தான். என் வீட்டுப் பாலை இவள் எப்படித் தன்னுடையது என்று சொல்லலாம்?

சரி, பாஸ்வேர்டு கேட்டீர்களா? என்ன சொன்னாள்? அப்படியே சொல்லுங்கள், அவள் சொன்ன மாதிரியே.

"எனக்கு இப்பல்லாம் எதுவுமே ஞாபகம் நிக்கிறதில்லம்மா. எது வேணும்னாலும் அக்காவைத்தான் கேட்டுக்குவேன்."

அப்படியா சொன்னாள்?

இங்கே வாருங்கள், இந்த லிஸ்டைப் பாருங்கள். கமலவேணி. பச்சைப் புள்ளி. இந்த நிமிஷம் லைனில் இருக்கிறாள். ஞாபகம் இல்லையாம். கையில் போனை வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பொய் சொல்ல வராது இவளுக்கு. சொன்னால் காது சிவக்கும். சிவந்ததா? நினைத்தேன்.

நல்லது. எழுதிக்கொள்ளுங்கள். கீழே இருப்பவளுக்குப் பாஸ்வேர்டு தெரியவில்லை. மாடியில் இருப்பவளுக்கும் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. மதுமதியிடம் சொல்லுங்கள், விடுதியில் கொண்டுபோய்ப் போடுவதானால் இரண்டு பேரையும் சேர்த்து, ஒரே அறையில் போடட்டும். அவளை விட்டுவிட்டு என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போக முடியாது. கூப்பிட்டாலும் அவள் வர மாட்டாள், அழுத்தக்காரி. அதனால் நானும் போக மாட்டேன். அதற்கு ஒரு கட்டம் இல்லை என்றால் நீங்களே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

எழுந்துவிட்டீர்களா? ஒரு நிமிஷம். இந்தப் பால் விஷயத்தை நான் இப்படியே விட முடியாது.

ஏய், கமலவேணி! எட்டிப் பார்க்காத, பேசு! அது யாரு வச்ச பாலுடி?

பார்த்தீர்களா, இறங்கி வருகிறாள். வாயைத் திறந்துகொண்டேதான் வருகிறாள். நீங்கள் கிளம்புங்கள், ஜோஸ்பின். இது முடிய நேரமாகும்.